சம்பூரணத்தின் சமையலறை மலை ஏறிய சனிக்கிழமை

சம்பூரணத்தின் சமையலறை மலை ஏறிய சனிக்கிழமையைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதற்குக் கால் முளைத்தது என்கிறார்கள், அன்னபூரணியே இறங்கி வந்தாள் என்கிறார்கள், சம்பூரணம் யாரிடமோ மந்திரம் வாங்கி வைத்திருந்தாள் என்றுகூட ஒருத்தி குழாயடியில் சொன்னாளாம். நான் அந்த வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவள், அந்தச் சமையலறையில் போட்ட காப்பியை இரண்டு தம்ளர் குடித்தவள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு தட்டு உப்புமாவும் வாங்கித் தின்றவள், ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத்தான் பாத்தியதை உண்டு. சமையலறை நடந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் வயிறு எரிந்ததெல்லாம் வேறு விஷயத்துக்கு.

எங்கள் ஊர் லாரிக்குக் கூடு, அதாவது பாடி, கட்டுகிற ஊர். விடிந்தால் அடைந்தால் சுத்தியல் சத்தமும் வெல்டிங் வெளிச்சமும்தான், தெருவில் பாதிப் பேருடைய ஆண்கள் பட்டறையில், மீதிப் பேருடைய ஆண்கள் லாரியில். மேற்கே பார்த்தால் எந்த மொட்டை மாடியிலிருந்தும் கருங்கோம்பை மலை தெரியும், மழை பெய்த மறுநாள் அதன் இடுப்பில் நெட்டருவி ஒரு வெள்ளை நூலாகத் தெரியும். என் எதிர்வீட்டுச் சம்பூரணம் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து இருபத்தாறு வருஷம். இருபத்தாறு வருஷமும் துணி காயப்போட மாடிக்குப் போகிறபோதெல்லாம் அந்த நூலைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். ஒரு தடவையாவது அதன் அடியில் போய்த் தலையைக் கொடுத்துவிட வேண்டும் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

மலைக்கே போகாதவள் என்று நினைக்க வேண்டாம், மூன்று தடவை போனாள். அருவிக்கு மேலிருந்து எண்ணூற்று அறுபது படி இறங்க வேண்டும். முதல் தடவை, கல்யாணமான புதுசு, புளிச்சோற்றுக் கூடையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும், யாராவது ஒருத்தர் காவல் இருக்க வேண்டும் என்றார்கள், அந்த ஒருத்தர் அவள்தான். இரண்டாம் தடவை பையன் கைக்குழந்தை, அவனைத் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியாது என்றார்கள், அவனோடு மேலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தடவை பட்டறை ஆட்கள் இருபது பேர், கூடவே அடுப்பும் அண்டாவும் கோழியும். அவர்கள் குளித்துவிட்டு வருவதற்குள் குழம்பு கொதிக்க வேண்டும் அல்லவா? மூன்று தடவையும் அவர்கள் ஈரத்தலையோடு மேலே வந்து, பல்லைக் கிட்டிக்கொண்டு, "தண்ணி என்னா குளுரு! போகுது, நீ அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இலையின் முன்னால் உட்கார்ந்தார்கள். எனக்கு அதைக் கேட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊரில் கரண்ட் இருக்காது, கம்பி மாற்றுகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. கரண்ட் இல்லையென்றால் வெல்டிங் இல்லை, வெல்டிங் இல்லையென்றால் பட்டறை இல்லை. சம்பூரணத்தின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பட்டறையில் மேஸ்திரி, கேட்டதும் துள்ளிக் குதித்தார், என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார், இரண்டு பேரும் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மலைக்குப் போகத் திட்டம் போட்டார்கள். ராசப்பனுடைய வேன், காலை ஐந்தரைக்குக் கிளம்புவது, பதினாலு பேர், எந்த வளைவில் இறங்கிப் போட்டோ எடுத்தால் பள்ளத்தாக்கு முழுசாக விழும், எந்த வளைவில் விழாது, இவ்வளவுதான் திட்டம், இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முடித்துவிட்டு நாச்சிமுத்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்புள்ள சம்பூரணம், பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு கூடை புளிச்சோறு, ஒரு தூக்குப் போசி தயிர்ச்சோறு, காலைக்கு இட்டிலி, தொட்டுக்கப் பொடி, சாயங்காலத்துக்கு ரெண்டு முறுக்கு கிறுக்கு சுட்டுக்க. சிம்பிளாப் போயிட்டு வந்தர்லாம்."

சிம்பிளாம்! பதினாலு பேருக்கு விடியற்காலை ஐந்தரைக்குள் இவ்வளவும் சிம்பிள் என்று சொல்கிற நாக்கில் சூடு போட வேண்டாமா? ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பதினாலு பேரில் நானும் ஒருத்தி, எனக்கும் ஒரு நாள் அடுப்பிலிருந்து விடுதலை என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். சம்பூரணம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இந்தத் தடவ நான் ஒண்ணும் ஆக்கறதா இல்லீங்க. போற வழியில கடையில சாப்புட்டுக்கலாம். நானும் படி எறங்கிக் குளிக்கப் போறேன்."

நாச்சிமுத்து, "செரி, ஒரு நாளைக்குத்தான், என்ன கொறஞ்சு போச்சு" என்று பெரிய மனசு பண்ணினார். அவர் நல்ல மனிதர், அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சம்பூரணம் அன்றைக்கு என் கண் முன்னாலேயே சமையலறையைக் கழுவி விட்டாள், சிலிண்டரை மூடினாள், மிக்சிக்கு உறை போட்டாள், கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எட்டுக்கு ஆறு அடிச் சமையலறை அது, வீட்டின் தென்கிழக்கு மூலையில் அவள் கல்யாணமாகி வந்த கையோடு சேர்த்துக் கட்டியது, ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் அரை அடி தள்ளிப் பக்கத்து வீட்டின் பூசாத சுவர். இருபத்தாறு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அவள் தாளித்தாள். பூட்டிவிட்டு ஒரு துணிப் பையில் மாற்றுச் சேலை ஒன்று, சீயக்காய்ப் பொட்டலம் ஒன்று, இதற்கென்றே இரண்டு வருஷமாகப் பீரோவில் வைத்திருந்த புதுச் சிவப்புத் துண்டு ஒன்று, இவ்வளவையும் வைத்துக்கொண்டு, "பாத்தீங்களாக்கா, என்ற பை எத்தன சின்னதா இருக்குது" என்று என்னிடம் காட்டினாள். அவள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. எடைமேடை திருப்பத்தில் ராசப்பன் கண்ணாடியைப் பார்த்தான், வேகத்தைக் குறைத்தான், மறுபடியும் பார்த்தான்.

"அண்ணா, உங்க வீட்டுச் சமையக்கட்டு பின்னாடி வருதுங்க."

"வந்தா வரட்டும், நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் நாச்சிமுத்து.

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வந்துகொண்டுதான் இருந்தது. நாலு சுவரும் கூரையும் பூட்டிய கதவுமாக, கடப்பைக்கல் மேடையும் கிரைண்டரும் அரிசி டின்னும் உள்ளே லொடலொடக்க, ஜன்னல் கதவு ஒன்று காற்றில் அடித்துக்கொள்ள, எங்கள் வேனுக்குப் பத்தடி பின்னால், மேடு வந்தால் மெதுவாகவும் இறக்கம் வந்தால் கொஞ்சம் வேகமாகவும், ஒழுங்காக இடது ஓரத்தில் வந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் அக்கா கண்ணாத்தா, "பூட்டிப்போட்டு வந்தா அது என்ன பண்ணும் பாவம், தனியா இருந்து பழக்கமில்லை" என்றாள். சம்பூரணம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த சாவியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பைபாஸில் டீக்கடை ஓரம் நின்றிருந்த லாரிக்காரர்கள் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்கள், "ஸ்பிரிங் பட்டை கிடையாது, டயர் கிடையாது, ஆனாலும் ஆட்டம் இல்லாம வருது பாரு, யாரு கட்டுன கூடு?" என்று விசாரித்தார்கள், நாச்சிமுத்து தலையை வெளியே நீட்டி, "நாந்தான் கட்டுனேன், கொத்தனாருக்குக் கூடமாட நின்னு" என்று பெருமையாகச் சொன்னார். சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி வேனை நிறுத்தினார், சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், வண்டிக்குப் பின்னால் எது நீட்டிக்கொண்டு வந்தாலும் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது விதி, இது நீட்டிக்கொண்டு மட்டும் வரவில்லை, தனியாகவே வருகிறது, ஆகையால் கண்டிப்பாகக் கட்ட வேண்டும் என்றார். சிவப்புத் துணிக்கு எங்கே போவது என்று எல்லோரும் யோசிக்கும்போதே கண்ணாத்தா குனிந்து சம்பூரணத்தின் பையைத் திறந்து அந்தப் புதுத் துண்டை உருவி வெளியே எறிந்துவிட்டாள். ராசப்பன் அதைச் சமையலறையின் பின்பக்கக் கம்பியில் இறுக்கி முடிச்சுப் போட்டான். "அக்கா, அது குளிக்கறதுக்கு" என்று சம்பூரணம் சொன்னது அவள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அடிவாரத்துக் கிராமத்தில் எங்களுக்கு முன்னாலேயே சேதி போயிருந்தது. பொம்பளைகள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு நின்றார்கள், தட்டில் சூடம் ஏற்றிச் சமையலறைக்குச் சுற்றினார்கள், கதவில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்கள், ஒரு கிழவர் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நடந்து வந்த அன்னபூரணி, இந்த வருசம் வெள்ளாமைக்குக் கொறையில்ல" என்று கண்ணீர் விட்டார். சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களை எண்ணி முடியாது. வேனுக்குள் உட்கார்ந்திருந்த சம்பூரணத்தைப் பார்த்து, ஏம்மா, காலையில் ஒரு வாய் காப்பியாவது குடித்தாயா என்று கேட்க ஒரு ஜீவன் அங்கே இல்லை. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் சூடம் காட்டத் தெரிகிறது இந்த ஜனங்களுக்கு!

ஊரே சாமி பார்க்க வந்துவிட்டதால் அடிவாரத்து டீக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு அவரும் வரிசையில் நின்றார். நாச்சிமுத்து கையைப் பிசைந்தார்.

"சம்பூரணம், ஒரே ஒரு காப்பி மட்டும். அதான் அதுவே வந்துருச்சே."

"நான் வரச் சொல்லலீங்க."

"வாசல் தேடி வந்த லட்சுமியப் பூட்டி வைக்கக் கூடாது அம்மிணி, குடும்பத்துக்கு ஆகாது" என்றாள் கண்ணாத்தா, கும்பிட்டுக்கொண்டு நின்ற கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது.

நான் அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் தலைவலி, காப்பி இல்லாமல் காலையில் எனக்குக் கண் திறக்காது. சம்பூரணம் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தாள்.

ஒரு காப்பி பதினாலு காப்பி ஆயிற்று, பதினாலு காப்பி கும்பிட வந்தவர்களுக்கும் சேர்த்து நாற்பது ஆயிற்று, காப்பி குடித்த வாய் சும்மா இருக்குமா, கையோடு கொஞ்சம் உப்புமா கிண்டிவிடு, அதென்ன பெரிய வேலையா என்றார்கள். கரண்ட் இல்லாத ஊரிலிருந்து வந்த மிக்சி அங்கே ஜோராக ஓடித் தேங்காய்ச் சட்னி அரைத்தது, எந்தத் தொட்டியோடும் சேராத குழாயில் தண்ணீர் வந்தது, அதையெல்லாம் யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை, சட்னியில் உப்பு ஒரு கல் கம்மி என்று மட்டும் ஒருத்தர் சொன்னார். வனக்காவல் சாவடியில் இருந்தவர், மலைக்கு அடுப்பு கொண்டுபோகக் கூடாது என்று பலகையைக் காட்டினார். நியாயமான மனிதர் ஒருவராவது கிடைத்தாரே என்று நான் நினைத்து முடிப்பதற்குள், அடுப்பைக் கொண்டுபோகத்தான் தடை, அதுவாக வந்தால் தடை என்று பலகையில் எழுதவில்லையே என்று அவரே சட்டம் பேசி, ஒரு தட்டு உப்புமாவை வாங்கிக்கொண்டு பாதையை மறித்த குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

இதற்குமேல் நடந்தது எங்கள் ஜனத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம். நாச்சிமுத்து போனை எடுத்தார். மச்சான், கருங்கோம்பைக்குப் போயிட்டிருக்கோம், நீங்களும் வாங்க, சோறு தண்ணி எதுவும் கொண்டுவர வேண்டாம், சமையக்கட்டே கூட வருது என்றார். அப்படியே சின்ன மாமனுக்கு, பங்காளிக்கு, பட்டறை முதலாளியின் தம்பிக்கு, போன மாசம் கண்ணாத்தாவின் பெண்ணைக் கொடுத்த சம்பந்தி வீட்டுக்கு, அவர்களைக் கூப்பிட்டுவிட்டு இவர்களைக் கூப்பிடாவிட்டால் முறை கெட்டுவிடும் என்பதால் இன்னும் நாலு வீட்டுக்கு. அறுபது வளைவு ஏறி முடிப்பதற்குள் எங்களுக்குப் பின்னால் காரும் பைக்கும் ஒரு மினி பஸ்ஸுமாக வரிசை நின்றது, பதினாலு பேர் நாற்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள், ஒரு நாள் குளிக்கப் போன பயணம் சீர் வைக்காத கல்யாணம் ஆகிவிட்டது. சம்பூரணத்தை வேனுக்குத் திரும்ப யாரும் விடவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் சமையலறைக்குள் நின்றபடியே மலை ஏறினாள், வளைவுக்கு வளைவு எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள், எந்தப் போட்டோவிலும் அவள் இல்லை.

படி தொடங்குகிற இடத்தில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. சமையலறை அங்கே வந்து நின்றது. அருவிச் சத்தம் கீழேயிருந்து தரையோடு ஏறி வந்து உள்ளங்காலில் தெரிந்தது. நாற்பத்தொரு பேருக்கும் சோறு, பருப்பு, ரசம், அப்பளம், சம்பந்தி வீட்டுக்கு முன்னால் தலைகுனிவு வரக் கூடாது என்பதற்காக ஒரு பாயசம் என்று நாச்சிமுத்து பட்டியல் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கினார், தயங்கினார் என்பதை நான் மறைக்கவில்லை, பிறகு சொன்னார்.

"நீ அடுத்த தடவ பாத்துக்கலாம், என்ன?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது, "உன்ற சீயக்காய எடுத்துக்கட்டுமா சம்பூரணம், எப்படியும் உனக்கு இன்னிக்கு வேலைக்காவாது" என்று கேட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன், நான்தான் எடுத்துக்கொண்டேன். அத்தனை பேர் மேலேயும் கோபப்படுகிற எனக்கு என்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இனி அவள் சொன்னது. நாங்கள் இறங்கிப் போன பிறகு அடுப்பில் உலை வைத்தாள், அரிசி போட்டாள், காற்று ஜன்னல் வழியாக அடித்துத் தீயைச் சாய்த்தது. இந்தச் சிரமத்தை முன்பே பார்த்துத்தான், போகும்முன் ஆறு ஆண்கள் சேர்ந்து சமையலறையைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பிவைக்கப் பார்த்தார்கள், லாரியையே கம்பி கட்டித் தூக்குகிறவர்கள், அது ஒரு விரற்கடைகூட அசையவில்லை. அசையாதது ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தனியாக நின்றபோது சம்பூரணம் கரண்டியோடு நிமிர்ந்தாள், நிமிர்ந்தால் எப்போதும் தெரிகிற பூசாத சுவர் இல்லை, ஜன்னல் நிறைய நெட்டருவி, தலையிலிருந்து கால்வரை, ஒரு மறைப்பு இல்லாமல். இத்தனை வழி நடந்து வந்து, மலைச்சரிவெல்லாம் ஏறி, திட்டில் எத்தனையோ விதமாக நின்றிருக்கலாம் என்ற இடத்தில், அது தன்னுடைய ஒரே ஜன்னலை அருவிக்கு நேராக வைத்து நின்றிருந்தது. அது காற்றுக்காகத் திரும்ப மறுக்கவில்லை, கண்ணை எடுக்க மறுத்திருக்கிறது.

"அப்பத்தான் எனக்கு ஒறச்சுதுங்க்கா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். "வழி நெடுக அதத் திட்டிக்கிட்டே வந்தேன், என்னைய விடாம தொரத்திக்கிட்டு வருதேன்னு. அது என்னைத் தேடி வரலீங்க. அதுக்கும் இருவத்தாறு வருசமா ஒரு நாள் லீவு இல்லைன்னு நான் நெனைக்கவே இல்ல பாருங்க."

அரிசி அரை வேக்காட்டில் இருந்தது. அடுப்பை அணைத்தாள், சிலிண்டரை மூடினாள், கரண்டியை ஆணியில் மாட்டினாள். வெளியே வந்து, ஒரு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கையசைத்து, "வா, போலாம்" என்றாள்.

நாங்கள் நடுப் படிகளில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தோம். மேலே பாத்திரச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் சம்பூரணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படி இறங்கி வருகிறாள், அவளுக்குப் பின்னால் படிப்படியாகச் சமையலறை இறங்குகிறது, ஒவ்வொரு படிக்கும் தம்ளர்கள் குலுங்க, வழுக்குகிற இடத்தில் அவள் நின்று, "பாத்து, பாத்து, அந்தக் கல்லு ஆடுது" என்று அதற்குச் சொல்ல, அது நின்று நிதானித்துக் கால் வைக்க. படிக்கட்டில் இருந்தவர்களெல்லாம் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். கல்யாண ஊர்வலத்துக்குக்கூட எங்கள் ஜனம் அப்படி ஒதுங்கி நான் பார்த்ததில்லை. நாச்சிமுத்து பாதி நனைந்த துண்டோடு கீழேயிருந்து ஓடி வந்தார்.

"ஏம்புள்ள, சோறு?"

"அரை வேக்காட்டுல இருக்குதுங்க."

"அப்பறம் நாப்பத்தோரு பேரும் என்னத்தத் திங்கறது? சம்பந்தி வீட்டு மனுசங்க வந்துருக்காங்க புள்ள!"

"நானும்தாங்க வந்துருக்கேன்."

அவள் கத்தவில்லை. ஆனால் அருவிக்குப் பக்கத்தில் கத்தினாலே கேட்காத இடத்தில் அது எல்லோருக்கும் கேட்டது. கண்ணாத்தா, "அடுப்பு நனையலாமா, மூதேவி அடையும்" என்று கையை விரித்துக் குறுக்கே நின்றாள். சம்பூரணம் அவளைத் தள்ளவில்லை, ஒன்றும் செய்யவில்லை, சமையலறை வருவதைப் பார்த்துக் கண்ணாத்தாவே நகர்ந்துகொண்டாள்.

பொம்பளைகள் குளிக்கிற பக்கத்தில் அவர்கள் இரண்டு பேரும் அருவிக்கு அடியில் போனார்கள். அவள் முதலில் போனாள், இருநூறு அடி உயரத்திலிருந்து தண்ணீர் அவள் உச்சந்தலையில் விழுந்தது, அவள் ஒரு சத்தம் போட்டாள், சிரிப்பா அழுகையா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பிறகு சமையலறை போனது. கூரையில் தண்ணீர் இடி மாதிரி விழுந்தது, கதவு வழியாகப் புகுந்து ஜன்னல் வழியாகக் கொட்டியது, இருபத்தாறு வருஷத்துக் கரி கரைந்து வந்தது, தாளித்த எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான்பூச்சி மருந்தும் போன வருஷத்து நாள்காட்டியும் அரை வெந்த சோறும் சேர்ந்து வந்து மீன்களுக்குப் போயின. கரிக்கு அடியில் சுவர் வெளிர் பச்சை நிறத்தில் இருந்தது. கட்டினபோது அவள்தான் அந்த நிறத்தைக் கேட்டு வாங்கினாளாம், அவளே மறந்து போயிருந்தாள்.

நான் போய் சீயக்காயை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பாதியைத் தன் தலையில் தேய்த்துக்கொண்டாள், பாதியை மேடைக்கல்லில் தேய்த்துவிட்டாள். கரை ஏறியதும் சமையலறையின் பின்பக்கம் போய், கம்பியில் கட்டியிருந்த சிவப்புத் துண்டின் முடிச்சை அவிழ்த்து, பிழிந்து, நிதானமாகத் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

நாற்பத்தொரு பேரும் அன்றைக்கு மலைமேல் அன்னாசிப்பழம் வாங்கித் தின்றார்கள். சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டு மினி பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள், போகிற வழியில் பரோட்டா சாப்பிட்டதும் கோபம் தீர்ந்துவிட்டதாக மறுநாள் போன் வந்தது. ஒரு வேளை ஒருத்தி சமைக்காததால் வானம் இடிந்து விழவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இருபத்தாறு வருஷமும், நடக்கிற சமையலறை ஒன்றும் தேவைப்பட்டன.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது சமையலறை வரவில்லை. அருவிக்கரைப் பாறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து இரண்டு முறை "ப்பா, ப்பா" என்று மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுப் பார்த்தார். அது திரும்பவில்லை.

"எப்பத்தான் வரும் அது?" என்று வேனில் கேட்டார்.

"லீவு முடிஞ்சா வரும்" என்றாள் சம்பூரணம், ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து ஈரத் தலையைக் காற்றில் காயவிட்டபடி. "இருவத்தாறு வருசத்து லீவு பாக்கி கெடக்குதுங்க. கணக்குப் போட்டுக்குங்க."

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அவர்கள் வீட்டின் தென்கிழக்கு மூலையில் எட்டுக்கு ஆறு அடிக்கு வானம் தெரிகிறது, லாரித் தார்ப்பாய் கட்டி மறைத்திருக்கிறார்கள். வாஸ்து பார்க்க வந்தவர் அக்கினி மூலை காலியாக இருக்கலாமா என்று பதறினார், இருக்கட்டுமே என்று சம்பூரணம் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். தார்ப்பாய்க்கு அடியில் ஒற்றை அடுப்பு, அதில் காலைச் சமையல் அவள், ராத்திரிச் சமையல் நாச்சிமுத்து. அவருடைய ரசத்தை நான் குடித்துப் பார்த்தேன், புளி அதிகம், ஆனாலும் குடிக்கலாம். மலைக்குப் போய்வருகிறவர்கள் சேதி கொண்டு வருகிறார்கள், நல்லா இருக்குது, கூரையில் பாசி பிடித்திருக்கிறது, உள்ளே ஏதோ குருவி கூடு கட்டியிருக்கிறது என்று. சம்பூரணம் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

நேற்று வெள்ளிக்கிழமை, மறுபடியும் சனி ஞாயிறு கரண்ட் இருக்காது என்றார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கமலவேணி, நாளைக்குக் காலைல மலைக்குப் போயிட்டு வந்தர்லாமா? பெருசா ஒண்ணும் வேண்டாம், ஒரு கூடை புளிச்சோறு மட்டும்..." என்று ஆரம்பித்தவர், பேச்சை நிறுத்திச் சுவரைப் பார்த்தார். எங்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், மேலிருந்து கீழ்வரை, நூல் பிடித்த மாதிரி ஒரு விரிசல். காலையில் அது இல்லை.

"கொத்தனாரக் கூப்பிட்டுப் பூசிரலாமா?" என்று கேட்டார்.

"அதுல கைய வச்சீங்க, பாத்துக்குங்க" என்றேன். சொல்லிவிட்டுப் பீரோவைத் திறந்து இரண்டு சிவப்புத் துண்டு எடுத்துப் பையில் வைத்தேன், குளிக்க ஒன்று, பின்னால் வருவதில் கட்ட ஒன்று.